கடைசியில் நிற்கும் சிறு சொல்: ஒத்த ஆங்கில வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“ஹூ டிட் யூ ஸ்பீக் டு?” என்றும் “டு ஹூம் டிட் யூ ஸ்பீக்?” என்றும் இரண்டு வாக்கியங்களை எழுதிவைத்து எது சரி என்று கேட்டால், ஆங்கிலத்தைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்களில் பலர் தயங்காமல் இரண்டாவதைக் காட்டுவார்கள். முதல் வாக்கியம் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல்லில் (ஆங்கிலத்தில் ‘ப்ரெபொசிஷன்’) முடிகிறது. அப்படி முடிக்கக் கூடாது என்று எப்போதோ யாரோ சொன்னது அவர்கள் நினைவில் இருக்கும். உண்மையில் இரண்டும் இலக்கணப்படி சரியானவை. ‘நீங்கள் யாரிடம் பேசினீர்கள்?’ என்பதே இரண்டுக்கும் பொருள். பேச்சில் முதலாவது இயல்பாக இருக்கும். இரண்டாவது ஏதோ விசாரணை மன்றத்தில் நிற்பது போன்ற உணர்வைத் தரும்.

ஆனால் மூன்றாவதாக ஒரு வாக்கியமும் உண்டு: “ஹூ டிட் யூ ஸ்பீக்?” இதில் ‘டு’ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திப் பார்த்த அளவில், முன்னிடைச்சொல்லைக் கடைசியில் வைத்ததால் கெட்டுப்போன வாக்கியங்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். அதைத் தொலைத்ததால் கெட்டுப்போனவற்றையோ எண்ண முடியாத அளவுக்குக் கண்டிருக்கிறேன். எனவே ‘கடைசியில் வைக்கலாமா’ என்ற கேள்விக்குப் போவதற்கு முன், ‘அது வாக்கியத்தில் இருக்கிறதா’ என்று பார்க்கப் பழக வேண்டும். இந்த வழிகாட்டியின் படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

தடை எங்கிருந்து வந்தது

இந்தத் தடையின் வரலாறு சுருக்கமானது. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வரி ஒன்று முன்னிடைச்சொல்லில் முடிவதைக் குறை என்று சுட்டிக்காட்டினார். அதே குறை தம் எழுத்திலும் இருப்பதை அண்மையில்தான் கவனித்ததாகவும் ஒப்புக்கொண்டார். தாம் 1668-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது, அப்படி முடிந்த வாக்கியங்களைத் தேடித் தேடி மாற்றியும் இருக்கிறார். ஏன் குறை என்பதற்கு அவர் காரணம் எதையும் விளக்கவில்லை. லத்தீன் மொழியில் இத்தகைய சொல் தன் பெயர்ச்சொல்லை விட்டுப் பிரிந்து வாக்கியக் கடைசியில் நிற்பதில்லை என்பதும், அக்காலக் கல்வியாளர்களுக்கு லத்தீனே அளவுகோலாக இருந்தது என்பதும் இதற்குப் பின்னணி என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் என்பவர்தான் இந்த விதியை விதித்தார் என்று பலர் அவர்மீது பழி போடுகிறார்கள். அவர் தடை எதுவும் விதிக்கவில்லை. கடைசியில் வைப்பது பேச்சுநடைக்குப் பொருந்தும் என்றும், முன்னால் வைப்பது கூடுதல் அழகும் தெளிவும் உடையது, கம்பீரமான நடைக்கு நன்கு பொருந்தும் என்றும் மட்டுமே சொன்னார். ஆங்கிலம் இந்தப் பழக்கத்தின் பக்கம் பெரிதும் சாய்கிறது என்று அவர் எழுதிய வாக்கியமே ‘டு’ என்ற சொல்லில்தான் முடிகிறது. அடுத்து வந்த பாடநூல்கள் இந்த நிதானத்தை விட்டுவிட்டு ‘கூடாது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டன. 1926-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற மொழிப் பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர் இதை மூடநம்பிக்கை என்றே குறிப்பிட்டார். ஆகவே இன்று எந்தத் தரமான ஆங்கில இலக்கண நூலும் இதைப் பிழை என்று சொல்வதில்லை.

தமிழ் நம்மை எங்கே இடறவைக்கிறது

தமிழில் முன்னிடைச்சொல் கிடையாது. வேற்றுமை உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னால் ஒட்டி வரும். கேள்வி கேட்கும்போது இதனால் தொல்லை இல்லை, ஏனென்றால் ‘யாரிடம்’, ‘எதற்காக’, ‘எதைப் பற்றி’ என்று உருபு வினாச்சொல்லோடேயே வந்துவிடுகிறது. தொல்லை பெயரெச்சத்தில்தான் தொடங்குகிறது. ‘நான் பேனாவால் எழுதினேன்’ என்பதைப் ‘நான் எழுதிய பேனா’ என்று மாற்றிப் பாருங்கள். ‘ஆல்’ எங்கே போயிற்று? அது கரைந்துவிட்டது. அது இல்லாமலேயே பேனா கருவி என்பது தமிழனுக்குப் புரிந்துவிடுகிறது.

பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ‘எழுதிய’ என்ற ஒரே சொல் மாணவன், பேனா, அறை, நாள், கட்டுரை என எல்லாவற்றோடும் வடிவம் மாறாமல் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எழுதிய மாணவன் “த ஸ்டூடன்ட் ஹூ ரோட்”. நான் எழுதிய கட்டுரை “த எஸ்ஸே ஐ ரோட்”. நான் எழுதிய பேனா “த பென் ஐ ரோட் வித்”. நான் எழுதிய அறை “த ரூம் ஐ ரோட் இன்”. நான் எழுதிய தலைப்பு “த டாப்பிக் ஐ ரோட் அபௌட்”. நான் கடிதம் எழுதிய நண்பர் “த ஃப்ரெண்ட் ஐ ரோட் டு”. தமிழில் கரைந்துபோகும் உறவு ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாகக் கடைசியில் நின்றாக வேண்டும். நாள் மட்டும் விலக்கு: “த டே ஐ ரோட் இட்” என்றால் போதும். காலத்தைக் குறிக்கும் ‘டே’, ‘டைம்’, ‘இயர்’ போன்றவற்றுக்கும், ‘ரீசன்’, ‘வே’ ஆகியவற்றுக்கும் அந்தச் சொல்லை விட்டுவிடுவதே வழக்கம்.

‘எழுத’, ‘பேச’ போன்ற செயவென் எச்சத்திலும் இதே கதைதான். ‘எழுத ஒன்றுமில்லை’ என்ற தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்க முயன்றால் நான்கு வாக்கியங்கள் வந்து நிற்கும். “ஐ ஹேவ் நத்திங் டு ரைட்” என்றால் எழுதி முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. கடைசியில் ‘வித்’ சேர்ந்தால் பேனா இல்லை. ‘ஆன்’ சேர்ந்தால் தாள் இல்லை. ‘அபௌட்’ சேர்ந்தால் விஷயம் இல்லை. ஒத்த வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதன் சாரம் இந்த நான்கிலேயே இருக்கிறது. கடைசிச் சொல்லை வெட்டிவிட்டால் நான்கும் ஒன்றாகிப் பொருள் குழம்பிவிடும்.

படி 1: பெயரை அதன் பழைய இடத்தில் திரும்ப வையுங்கள்

எழுதிய வாக்கியத்தில் ஐயம் வந்தால், அதைக் கேள்வியாகவோ எச்சத் தொடராகவோ விட்டுவிடாமல், நேர்வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். “த சேர் ஐ சாட்” என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியை வினைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் “ஐ சாட் த சேர்” என்று வரும். இது தவறு, “ஐ சாட் ஆன் த சேர்” என்பதே சரி. அப்படியானால் அந்த ‘ஆன்’ தொடரிலும் இருந்தாக வேண்டும்: “த சேர் ஐ சாட் ஆன்”. மாணவப் பருவத்தில் நான் இதே பிழையைச் செய்தபோது, என் ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்காமல், நாற்காலி எங்கே இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய் என்று ஓரத்தில் எழுதித் தந்தார். மேலா, அருகிலா, பின்னாலா என்ற கேள்விக்கு என் வாக்கியத்தில் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேள்விகளுக்கு இதே சோதனையைப் பதிலை வைத்துச் செய்யலாம். “வாட் ஆர் யூ வெயிட்டிங்?” என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லிப் பாருங்கள். “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த ரிசல்ட்” என்றுதான் வரும். பதிலில் ‘ஃபார்’ இருந்தால் கேள்வியிலும் ‘ஃபார்’ இருக்க வேண்டும். “வேர் ஆர் யூ?” என்பதும் “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்பதும் எவ்வளவு வேறுபட்ட கேள்விகள் என்பதையும் இதே சோதனை காட்டிவிடும்: முன்னது இப்போது இருக்கும் இடத்தையும், பின்னது சொந்த ஊரையும் கேட்கிறது.

படி 2: எந்தச் சொல் என்று முடிவு செய்யுங்கள்

சொல் இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, எந்தச் சொல் என்பது பொருளைப் பொறுத்தது. “த மேன் ஐ வொர்க்ட் ஃபார்” என்றால் அவர் எனக்கு வேலை கொடுத்தவர். “த மேன் ஐ வொர்க்ட் வித்” என்றால் உடன் பணியாற்றியவர். “த சிங்கர் ஐ ஹேர்ட்” என்றால் அவர் பாட்டைக் காதால் கேட்டிருக்கிறேன். “த சிங்கர் ஐ ஹேர்ட் ஃப்ரம்” என்றால் அவரிடமிருந்து எனக்குச் செய்தி வந்திருக்கிறது. “த சிங்கர் ஐ ஹேர்ட் அபௌட்” என்றால் அவரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவ்வளவே. ‘லுக்’ என்ற வினையும் இப்படித்தான்: ‘அட்’ சேர்ந்தால் பார்த்தல், ‘ஃபார்’ சேர்ந்தால் தேடுதல், ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் கவனித்துக்கொள்ளுதல், ‘இன்டு’ சேர்ந்தால் ஆராய்தல். இவற்றை விதியாக வகுக்க முடியாது. வினையையும் அதன் துணைச்சொல்லையும் ஒரே சொல்லாக மனத்தில் பதித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: அது முன்னிடைச்சொல்தானா என்று பாருங்கள்

கடைசியில் நிற்கும் சிறு சொற்கள் எல்லாம் முன்னிடைச்சொற்கள் அல்ல. “ப்ளீஸ் கம் இன்”, “ஷி நெவர் கிவ்ஸ் அப்” என்பவற்றின் கடைசிச் சொற்கள் வினையின் உறுப்புகள். எந்தப் பெயரையும் அவை தழுவி நிற்கவில்லை. இவற்றை முன்னால் நகர்த்த முயல்வது வீண். சோதிக்க ‘இட்’ என்ற சுட்டுப்பெயரைப் பயன்படுத்துங்கள். “சிட் ஆன் இட்” என்பது சரி, “சிட் இட் ஆன்” என்பது தவறு. எனவே இங்கே ‘ஆன்’ முன்னிடைச்சொல். “ஸ்விட்ச் இட் ஆன்” என்பது சரி, “ஸ்விட்ச் ஆன் இட்” என்பது தவறு; எனவே இங்கே அதே ‘ஆன்’ வினையின் உறுப்பு. ஆகவே “த சேர் ஆன் விச் ஐ சாட்” என்று எழுதலாம்; “த லைட் ஆன் விச் ஐ ஸ்விட்ச்ட்” என்று எழுதினால் விளக்கின்மேல் ஏறி நின்று எதையோ மாற்றியது போலத் தொனிக்கும்.

படி 4: கூடுதலாக வந்ததை நீக்குங்கள்

தொலைப்பதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இடத்திலும் வைத்துவிடுவது முதல் வகை: “த ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்”. கம்பீரமாகத் தொடங்கிய கை பழக்கத்தில் இயல்பாக முடித்துவிடுகிறது. நீளமான வாக்கியங்களில் தேர்ந்த எழுத்தாளர்களுக்கும் இது நேர்வதுண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

தேவைப்படாத வினைக்குச் சேர்ப்பது இரண்டாம் வகை. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழின் நிழலில் “த இஷ்யூ வி டிஸ்கஸ்ட் அபௌட்” என்று எழுதிவிடுகிறோம். ‘டிஸ்கஸ்’, ‘மென்ஷன்’, ‘என்டர்’, ‘ரீச்’, ‘மேரி’ ஆகியவை பெயரை நேரடியாக ஏற்பவை. ‘அறைக்குள் நுழைந்தேன்’ என்ற பொருளிலும் “த ரூம் ஐ என்டர்ட்” என்பதே போதும். “வேர் ஆர் யூ அட்?” என்பதில் வரும் ‘அட்’ பேச்சில் ஒலிப்பதுண்டு, எழுத்தில் அது மிகை. ‘கடைசியில் வைக்காதே’ என்ற பழைய அறிவுரை பொருந்தும் இடம் உண்டென்றால் அது இதுபோன்ற இடம்தான். கடைசியில் நிற்பது இங்கே குற்றமில்லை; அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாததுதான் குற்றம்.

படி 5: ஏணியில் எந்தப் படிக்கட்டு என்று தேர்ந்தெடுங்கள்

இப்போது சொல் சரியாக இருக்கிறது, இடம்தான் கேள்வி. ‘நான் பேசிய அதிகாரி’ என்பதை ஐந்து விதமாகச் சொல்லலாம். “தி ஆஃபீசர் டு ஹூம் ஐ ஸ்போக்” என்பது ஏணியின் உச்சி. அதற்குக் கீழே “ஹூம் ஐ ஸ்போக் டு”, அதற்கும் கீழே “ஹூ ஐ ஸ்போக் டு”, பிறகு “தட் ஐ ஸ்போக் டு”, கடைசியாக எதுவும் இல்லாமல் “தி ஆஃபீசர் ஐ ஸ்போக் டு”. ஐந்தும் சரியானவை. இவற்றில் ‘ஹூம்’ இருந்தும் ‘டு’ கடைசியில் நிற்கும் இரண்டாவது வடிவத்தை நான் தவிர்ப்பேன். பட்டு வேட்டிக்கு மேல் பனியன் போட்டது போல இருக்கும். உச்சி வேண்டுமானால் முழுதாக ஏறுங்கள்; இல்லையென்றால் அடிப்படிக்கட்டில் இயல்பாக நில்லுங்கள்.

இந்த ஏணியில் கால் வைக்கக் கூடாத இடங்கள் மூன்று. முன்னிடைச்சொல்லுக்கு அடுத்தபடியாக ‘தட்’ வராது: “டு தட் ஐ ஸ்போக்” என்பது எந்த நடையிலும் பிழை. முன்னிடைச்சொல்லை அடுத்து ‘ஹூ’ வருவதை எழுத்தில் ஏற்பதில்லை. அங்கே ‘ஹூம்’ கட்டாயம். காற்புள்ளியிட்டுக் கூடுதல் தகவலாகச் சேர்க்கும் தொடரில் ‘தட்’ வடிவமும் வெற்று வடிவமும் பொருந்தா. “மை பிரதர், ஹூ ஐ ஸ்போக் டு எஸ்டர்டே” என்றோ “டு ஹூம் ஐ ஸ்போக் எஸ்டர்டே” என்றோதான் எழுத வேண்டும்.

எந்த இடத்தில் எது? பேச்சு, நண்பர்களுக்கு எழுதும் மடல், கதை உரையாடல், செய்முறை விளக்கம் ஆகியவற்றில் கடைசியில் வையுங்கள். ஆய்வுக் கட்டுரை, சட்ட ஆவணம், நிறுவனம் சார்ந்த முறையான கடிதம் ஆகியவற்றில், எச்சத் தொடர்களுக்கு மட்டும் முன்னால் வைக்கலாம். கேள்விகளுக்கு இந்தக் கம்பீரம் அரிதாகவே ஒத்துவரும், “ஃபார் வாட் டிட் யூ கம்?” என்று ஒருவரைக் கேட்டால் அவர் பதில் சொல்வதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பார். எழுத்தைப் பார்க்கப்போகிறவர் பழைய விதியை நம்புகிறவர் என்று தெரிந்தால், அவரோடு வாதிடுவதைவிட அவருக்கு உறுத்தாத வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

படி 6: தேர்வே இல்லாத இடங்களை அறிந்துகொள்ளுங்கள்

சில அமைப்புகளில் முன்னிடைச்சொல் கடைசியில் நின்றே ஆக வேண்டும். செயப்பாட்டு வினை: “ஹி வாஸ் லாஃப்ட் அட்”. செயவென் எச்சத்தை ஏற்கும் பெயரடை: “ஷி இஸ் ஈஸி டு டாக் டு”. ‘வொர்த்’ என்ற சொல்: “இட் இஸ் வொர்த் லுக்கிங் அட்”. ‘எதுவோ அது’ என்ற பொருளில் வரும் ‘வாட்’: “தட் இஸ் வாட் ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப்”. தன்மை கேட்கும் கேள்வி: “வாட் இஸ் இட் லைக்?” இவற்றில் எதையும் முன்னால் தள்ள முயன்றால் வாக்கியம் உடையும், பழைய விதியை அப்படியே பின்பற்ற முடியாது என்பதற்கு இவையே போதிய சான்று.

எதிர்த் திசையிலும் கட்டாயம் உண்டு. ‘டியூரிங்’, ‘பியாண்ட்’ போன்ற கனமான சொற்களைக் கடைசியில் நிறுத்துவது ஒட்டாது: “த மீட்டிங் டியூரிங் விச் ஹி ஸ்லெப்ட்” என்பதே இயல்பு. ‘தி எக்ஸ்டென்ட் டு விச்’, ‘இன் விச் கேஸ்’, ‘சம் ஆஃப் ஹூம்’, ‘மோஸ்ட் ஆஃப் விச்’ ஆகியவை உறைந்துபோன தொடர்கள். பேச்சில்கூட இவற்றைப் பொதுவாகப் பிரிப்பதில்லை.

படி 7: தூரத்தை அளந்து, உரக்கப் படியுங்கள்

தேர்வு நம் கையில் இருக்கும் இடங்களில், பெயருக்கும் அதன் முன்னிடைச்சொல்லுக்கும் இடையே எத்தனை சொற்கள் கிடக்கின்றன என்று பாருங்கள். ஐந்தாறு சொற்கள் என்றால் வாசகர் எளிதாகத் தாண்டிவிடுவார். இருபது சொற்களுக்குப் பிறகு தனியாக ஒரு ‘டு’ வந்து நின்றால், அது எதோடு சேர்ந்தது என்று தேட அவர் வாக்கியத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். அங்கே நடையைப் பற்றிய கவலை இல்லாமல் முன்னால் கொண்டுபோய்விடுங்கள்.

உரக்கப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ‘டு’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’ போன்றவை வாக்கிய நடுவில் உயிரொலி மங்கி ஒலிக்கும். ‘வெயிட் ஃபார் மீ’ என்பதில் அது ஏறத்தாழ ‘ஃப’ என்று சுருங்கிவிடும். கடைசியில் நிற்கும்போதோ அழுத்தம் இல்லாவிட்டாலும் முழு உயிரொலியோடு ஒலிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்காதவர்களுக்குத்தான் கடைசி முன்னிடைச்சொல் அரைகுறையாக விட்ட வாக்கியம்போலக் கேட்கிறது.

படி 8: இரண்டும் பிடிக்கவில்லையென்றால் வாக்கியத்தை மாற்றுங்கள்

முன்னால் வைத்தால் விறைப்பு, பின்னால் வைத்தால் தளர்வு என்ற நிலை வரும்போது, வினையையே மாற்றலாம். ‘புட் அப் வித்’ என்பதற்கு ‘டாலரேட்’, ‘லுக் இன்டு’ என்பதற்கு ‘இன்வெஸ்டிகேட்’. இதை எப்போதாவது செய்யுங்கள். எல்லா வாக்கியத்திலும் செய்தால் ஆங்கிலம் அலுவலக அறிக்கையின் வாடை அடிக்கத் தொடங்கும்.

ஒரு வாக்கியத்தை எல்லாப் படிகளிலும் ஏற்றிப் பார்ப்போம். ஓர் இளைஞர் தம் வேலை விண்ணப்பத்தில் ‘நான் பணியாற்றிய திட்டம் பரிசு பெற்றது’ என்று சொல்ல விரும்பி “த ப்ராஜெக்ட் ஐ வொர்க்ட் வன் எ ப்ரைஸ்” என்று எழுதியிருந்தார். பெயரைத் திரும்ப வைத்தால் “ஐ வொர்க்ட் த ப்ராஜெக்ட்” என்று வந்து இடிக்கிறது, சொல் தொலைந்திருக்கிறது. திட்டத்துக்கு ‘ஆன்’ பொருந்தும். அது முன்னிடைச்சொல்தான், மிகையும் இல்லை. விண்ணப்பம் முறையான எழுத்து என்பதால் “த ப்ராஜெக்ட் ஆன் விச் ஐ வொர்க்ட் வன் எ ப்ரைஸ்” என்று மாற்றலாம் என்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ‘வொர்க்ட் வன்’ என்று இரண்டு வினைகள் அடுத்தடுத்து மோதுகின்றனவே என்றார். அவர் சொன்னது சரி. “த ப்ராஜெக்ட் ஐ வொர்க்ட் ஆன் வன் எ ப்ரைஸ்” என்று ‘ஆன்’ என்பதை இரண்டு வினைகளுக்கும் இடையில் நிறுத்தியபோது மோதல் தீர்ந்தது. கம்பீரமான வடிவத்தை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொண்டோம்.